குப்பைக்கு இடம் தேடும் வரைபடங்கள்: தெஹியோவிட்டவை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

2017 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினம். கொழும்பை ஒட்டிய கொலன்னாவைப் பகுதியின் மீத்தொட்டமுல்லவில், ஏறத்தாழ 48 மீற்றர் உயரத்துக்குக் குவிந்து நின்ற குப்பைமேடு பிற்பகல் வேளையில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். பண்டிகை நாளாகையால் பலர் வீட்டிலேயே இருந்தனர். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், மார்ச் 11 ஆம் திகதி, எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கோஷே என்ற குப்பைமேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். எங்கள் பத்திரிகைகள் அச்செய்தியை உள்பக்கத்தில் சிறு பெட்டியாக வெளியிட்டிருந்தன. 2000 ஆம் ஆண்டு ஜூலையில் மணிலாவின் பயாத்தாஸ் மேடும், 2005 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாண்டுங் நகருக்கருகே லியூவிகாஜா மேடும் இவ்வாறே சரிந்தவைதான். முன்னதில் இருநூறுக்கு மேற்பட்டோர், பின்னதில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் புதையுண்டனர்.

மீத்தொட்டமுல்லவைக் குப்பைக்கு உகந்த இடமென்று ஒருவரும் ஆராய்ந்து தெரிவு செய்யவில்லை. முதலில் உள்ளூர்க் குப்பை அங்கு கொட்டப்பட்டது. 2009 இல் உயர் நீதிமன்ற வழக்கொன்றின் விளைவாகக் கொழும்பின் புளுமெண்டல் மேடு மூடப்பட்டபோது, மாநகரின் குப்பைக்கு மாற்றிடமாக, தற்காலிகமாக, இரண்டு ஏக்கர் அளவில் அது வந்து சேர்ந்தது. அந்தக் காணித்துண்டின் பெயரிலேயே ‘கும்புர’ என்ற சிங்களச் சொல் இருந்தது. கும்புர என்றால் வயல். நீர் தேங்கும் சதுப்பு நிலம் என்பதைப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு ஏக்கர் இருபது ஏக்கராயிற்று. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் அதன்மேல் ஏறியது. அடிமண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. நம் நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்குத் தனி அகராதி ஒன்று எழுத வேண்டும்!

அவ்வாறாயின் குப்பைக்கு இடம் எப்படித் தெரிவு செய்யப்பட வேண்டும்? இதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் கருவி புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ். பல்கலைக்கழகங்களில் இதுபற்றி ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த முறை எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது, நம் மலையகத்தின் ஓரத்திலுள்ள ஒரு சிற்றூரின் மேல் அதைப் போர்த்திப் பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாமற்போகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஊர் தெஹியோவிட்ட.

சபரகமுவ மாகாணத்தைப் புலம்பெயர்ந்த வாசகர்களில் பலர் இரத்தினபுரியின் மாணிக்கக் கற்களைக் கொண்டே அறிவர். தெஹியோவிட்ட அம்மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், அவிசாவளைக்குச் சற்று அப்பால் இருக்கிறது. அவிசாவளை என்பது பழைய சீதாவாக்கை இராசதானியின் தலைநகர். சைவம் தழுவிய முதலாம் இராஜசிங்கன் ஆண்ட ஊர். இங்கிருந்து எட்டியாந்தோட்டை வரை களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை இரயில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெஹியோவிட்டவைத் தொட்டுக்கொண்டு ஓடியது. 1942 இல் அந்தக் கிளைப்பாதை மூடப்பட்டது. அந்த இரயிலைக் கொண்டுவந்தவை தோட்டங்கள். கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையும், 1876 இல் ஹேனரத்கொடவுக்கு வந்த, பிறேசில் விதைகளில் முளைத்த நாற்றுகளின் வழிவந்த இறப்பரும் இப்பள்ளத்தாக்கின் சரிவுகளை மூடின. நுவரெலியாவைப் போலத் தமிழர் தொகையாகச் செறிந்து வாழும் நிலமல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள்போலத் தோட்டங்கள், தோட்டத்துக்குள் லயன்கள். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் சபரகமுவத் தோட்டத் தமிழர் பட்ட பாட்டுக்கு இந்தச் சிதறிய குடியிருப்பும் ஒரு காரணம்.

இனி, கருவியின் கதைக்கு வருவோம். ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த நிலவடிவமைப்பாளர் இயன் மக்ஹார்க், 1969 இல் வெளியிட்ட நூலொன்றில் ஒரு முறையை விளக்கினார். ஒரு நெடுஞ்சாலைக்கோ குடியிருப்புக்கோ இடம் தேட வேண்டுமானால், சரிவு எவ்வளவு, மண் எத்தகையது, நீரோடை எங்கே, காடு எங்கே என ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி ஒளிபுகு தாளில் வரைய வேண்டும். ஆகாத இடம் கருமை. ஆகும் இடம் வெளிச்சம். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், கடைசிவரை வெளிச்சம் ஊடுருவும் இடமே தகுந்த இடம். இதையே கணினிக்குள் கொண்டுசெல்லும் வேலையை, கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுக்கும் பொருட்டு 1960களிலேயே ரொஜர் டொம்லின்சன் தொடங்கிவிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாகப் புவியியலையும் ஒரு பாடமாகப் படித்த காலத்தில் எங்களுக்கு வாய்த்தது கண்ணாடி மேசையும் அதன் அடியில் ஒரு குழல்விளக்கும் எண்ணெய்த்தாளும்தான். மின்வெட்டு வந்தால் அன்றைய தெரிவு ஆய்வு அத்துடன் முடிந்துவிடும்.

கணினி இதைச் செய்யும் விதத்தில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது விலக்கல். ஆற்றிலிருந்து இத்தனை மீற்றர், கிணற்றிலிருந்து, குடியிருப்பிலிருந்து, பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து இத்தனை மீற்றர் என்று வேலி போட்டு, வேலிக்குள் விழும் நிலத்தை எல்லாம் நீக்கிவிடுவது. விமான நிலையத்தையும் விலக்குவார்கள். குப்பையை நாடி வரும் பறவைகள் விமானத்தில் மோதும். இரண்டாவது படி எஞ்சிய நிலத்துக்குப் புள்ளி போடுவது. சாலைக்கு அருகாமை நல்லது, ஏனெனில் உழவு இயந்திரமும் லொறியும் போய்வர எரிபொருள் செலவு குறையும். களிமண் நல்லது, கசிவுநீரைத் தடுக்கும். சாய்வு மிகுந்தால் கெட்டது. இவற்றுள் எது எவ்வளவு முக்கியம் என்று நிர்ணயிக்க, தோமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் 1970களில் வகுத்த முறையைப் பெரும்பாலும் கையாள்கின்றனர். இரண்டிரண்டு அம்சங்களாக எடுத்து, இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம் என ஒன்று முதல் ஒன்பது வரை நிபுணர்களிடம் எண் கேட்டு, அவ்வெண்களிலிருந்து நிறைகளைக் கணிப்பது இம்முறை. கணக்கு துல்லியமானது. ஆனால் அந்த எண்களைச் சொல்பவர்கள் யார் என்ற கேள்வி கணக்குக்கு வெளியே நிற்கிறது. பொறியியலாளரும் திட்டமிடலாளரும் விரிவுரையாளரும் கேட்கப்படுவர். குப்பைமேட்டுக்குக் கீழே குடியிருக்கப் போகிறவர் கேட்கப்பட்டதாகப் படித்த நினைவு எனக்கு இல்லை.

இந்தத் தாள்களைத் தெஹியோவிட்டவின் மேல் விரிப்போம். முதல் தாள் மழை. ஈரவலயத்தின் உள்ளே, தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் சரிவுகள் இவை. ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லிமீற்றரை எளிதாகத் தாண்டும். நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடிய ஈரக்கழிவு. ஈரக்கழிவின் மேல் இத்தனை மழை பெய்தால் கறுத்த கசிவுநீர் ஓயாமல் ஓடும். இரண்டாவது தாள் நீரோடைகள். சிவனொளிபாதமலைக் காடுகளில் பிறந்து தெரணியகலை வழியாக இறங்கும் சீதாவாக்கை கங்கை இப்பக்கத்து ஓடைகளை வாங்கிக்கொண்டு களனியில் கலக்கிறது. அந்தக் களனியிலிருந்துதான், கீழே அம்பத்தலையில், கொழும்பின் குடிநீர் இறைக்கப்படுகிறது. தெஹியோவிட்டவில் தவறான ஓரிடத்தில் கொட்டப்படும் குப்பையின் சாறு கொழும்பு வீட்டுக் குழாயை நோக்கிப் பயணப்படும் என்பது வெறும் உவமையல்ல. ஓடைக்கரைகளுக்கு வேலி போட்டதுமே தட்டையான நிலத்தின் பெரும்பகுதி போய்விடும், ஏனெனில் இங்கே தட்டையான நிலம் இருப்பதே ஓடைக்கரையில்தான். வயலும் கடைத்தெருவும் பாடசாலையும் அங்கேயே உள்ளன. அவையும் விலக்கப்படும்.

மூன்றாவது தாள் மண்சரிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வந்திருக்கிறது. கேகாலையும் அவற்றுள் ஒன்று. இந்தத் தாளை வைத்ததும் செங்குத்தான சரிவுகள் கறுத்துவிடுகின்றன. எஞ்சுவது என்ன? சாலைக்கு அதிகத் தொலைவில்லாத, மிகச் செங்குத்தும் அல்லாத, கிராமத்தவரின் உறுதிக்காணியும் அல்லாத நிலம். வரைபடத்தில் அதற்கு ஒரே நிறம், ஒரே பெயர்: இறப்பர், அல்லது தேயிலை. சட்டப்படி அது அரசுக்குரியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் கையகப்படுத்தப்பட்டு, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையில் விடப்பட்டது. ஒரே உரிமையாளர், ஒரே குத்தகைக்காரர். கணினியின் பார்வையிலும் அதிகாரியின் பார்வையிலும் இதைவிட வசதியான நிலம் வேறில்லை.

ஆனால் அந்த நிறத்துக்குள் மனிதர் வாழ்கின்றனர். இங்கே ஒரு சிறு கணக்கு. அமெரிக்க லாண்ட்சாட் விண்கோளின் படங்களில் ஒரு புள்ளி 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட நிலம், அதாவது 900 சதுர மீற்றர். நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் பல இத்தகைய படங்களிலிருந்தே வகைப்படுத்தப்படுகின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் பன்னிரண்டு வரிசையாக அமைந்த ஒரு லயன் 120 அடி நீளம், ஏறத்தாழ 36 மீற்றர். இஸ்தோப்பையும் சேர்த்து அதன் அகலம் ஏழு மீற்றர் என்று கொண்டாலும் பரப்பு 250 சதுர மீற்றர் அளவே. அது இரண்டு புள்ளிகளின் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பான்மை மரமும் புல்லும். ஆகவே கணினி அவ்விரண்டையும் இறப்பர் என்றே எழுதிவிடும். பன்னிரண்டு குடும்பங்கள் காணாமற்போக வேறொன்றும் தேவையில்லை. இன்று பத்து மீற்றர் புள்ளி தரும் ஐரோப்பிய விண்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் பழைய அடுக்குகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம் ஓயவில்லை.

ஒரு நிலத்தை வெறுமை என்று காகிதத்தில் எழுதி, பிறகு அந்தக் காகிதத்தைக் காட்டி நிலத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லாததும் பயிரிடாததுமான காணி யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. கண்டிய மாகாணங்களில் சேனைப்பயிர் நிலத்துக்கும் சன்னதோ வரிச்சீட்டோ காட்டும்படி கேட்டது. 1897 இன் முதலாம் இலக்கச் சட்டத்தின் பெயரே தரிசு நிலச் சட்டம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழற்சியில் பயிரிட்டு ஆறவிடும் சேனை நிலம் ஆங்கிலேயரின் கண்ணுக்குத் தரிசாகத் தோன்றிற்று. 1800 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் அதே 1897 இல் ஓரங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் தீவின் நிலவரைபடத்தை அளக்கத் தொடங்கி 1924 இல் முடித்தது. அழகான வரைபடங்கள் அவை. ஒவ்வொரு தோட்டமும் துரைமார் சூட்டிய பெயரோடு அவற்றில் இருக்கிறது. சிங்களக் கிராமத்தவர் சேனை நிலத்தை இழந்ததும், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர் அதே நிலத்தில் உரிமையின்றிக் குடியேற்றப்பட்டதும் ஒரே தாளின் இரு பக்கங்கள் என்பதை இரு தரப்பு அரசியலாளரும் சௌகரியமாக மறந்துவிடுவது வழக்கம்.

லயன் வரைபடத்தில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாத பிழை. சட்டத்தில் இல்லை என்பதோ எழுதி வைக்கப்பட்டது. 1937 இல் கிராமச் சபைகள் பற்றிய கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து ஒதுக்கப்பட்டனர். 1939 இல் நேரு இலங்கை வந்து இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவான வரலாற்றில் இந்த மனக்கசப்புக்கும் இடமுண்டு. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பற்றி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதிகம் பேசப்படாதது 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முடியாது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தெரிவு செய்த தமிழ் உறுப்பினர்கூடத் தம் லயனுக்கு ஒரு தெருவிளக்கைப் போட முடியாதிருந்தது. குப்பை வண்டி தோட்ட வாசலோடு திரும்பியது. லயன் குப்பை லயனுக்குப் பின்னால் காணுக்குள்ளேயே கிடந்தது, அல்லது எரிக்கப்பட்டது. 2018 இல் வந்த திருத்தம் இந்தத் தடையை நீக்கியது. தடை நீங்கியதால் மட்டும் வண்டி வந்துவிடுமா? சிறிய சபைகளின் வருமானத்தையும் தோட்டப் பாதைகளின் நிலையையும் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தன் குப்பையை எவரும் எடுக்க வராத இடம், பிறர் குப்பையைக் கொண்டுவந்து போட மட்டும் ‘தகுந்த இடம்’ ஆகிறது. இதைச் செய்ய எந்த அதிகாரியும் இனவாதியாக இருக்க வேண்டியதில்லை. அடுக்குகள் தாமாகவே அங்கு கொண்டுசேர்க்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1979 இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில், கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதியில் குப்பை நிலம் அமைப்பதை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்குக்காக ரொபர்ட் புல்லார்ட் என்ற இளம் சமூகவியலாளர் நகரின் குப்பை நிலங்கள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்தார். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பை நிலங்களும் கறுப்பினத்தவர் பகுதிகளிலேயே இருந்தன. வழக்கு தோற்றது. ஆனால் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து, தெரிவு நடந்து முடிந்தபின் அது எவர் தலையில் விழுந்தது என்று பார்க்கும் முறை அங்கிருந்து வளர்ந்தது. நம் நாட்டில் அவ்வாறு ஒரு வரைபடத்தை யாராவது ஓர் ஆய்வு மாணவர் வரைந்தால் நன்று.

நுட்பத்தின் மேல் எனக்குப் பகையில்லை. அது இல்லாமற்போனதன் விலையை மீத்தொட்டமுல்ல காட்டிற்று. சதுப்பு நிலத்தை விலக்கும் ஒரேயொரு அடுக்கு போதுமாயிருந்தது. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் அமைந்த கதையும் இதுவே. 2022 இல் அச்சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மேடும் கூடவே இருந்தது. அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டன. அங்கே யானையின் நடமாட்டம் என்ற அடுக்கு விடுபட்டது. மறுபுறம், கொரிய உதவியுடன் கம்பஹா மாவட்டத்தின் தொம்பேயில் 2015 இல் திறக்கப்பட்ட குப்பை நிலம், அடிவிரிப்பும் கசிவுநீர்ச் சுத்திகரிப்பும் கொண்டு முறைப்படி அமைந்தது.

மீத்தொட்டமுல்லவுக்குப் பின் கொழும்பின் குப்பைக்கு விடையாக முன்வைக்கப்பட்டது புத்தளம் மாவட்டத்து அருவக்காடு. கொழும்பிலிருந்து 170 கிலோமீற்றர் தொலைவில், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள். மழை குறைந்த உலர்வலயம், மக்கள் தொகை குறைவு. தாளில் நல்ல இடம். வில்பத்துக் காடும் புத்தளம் களப்பும் அருகில் இருப்பதை அம்மக்கள் எடுத்துக்காட்டினர். 2018 இலும் 2019 இலும் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடினர். 2019 ஆகஸ்டில் குப்பை போய்ச் சேர்ந்தது. தமிழ் முஸ்லிம் சிங்கள மீனவர் எல்லோரும் சேர்ந்து கேட்ட ஒரே கேள்வி, கொழும்பின் குப்பை ஏன் எங்களுக்கு என்பதே. அந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளிலும் அடுக்கு கிடையாது.

தெஹியோவிட்ட போன்ற ஒரு சபையின் குப்பை கொழும்பினதுபோல் மலையளவு அல்ல. உக்குவதை வீட்டிலும் சந்தையிலும் பிரித்துப் பசளையாக்கினால் புதைக்க வேண்டியது பாதியாகக் குறையும், கசிவுநீரும் குறையும். சிறிய நிலம் போதும். பெரிய நிலத்தைத் தேடும்போதுதான் தோட்டத்தைத் தவிர வேறொன்றும் அகப்படுவதில்லை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008 இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தின்கீழ் நாடெங்கும் பசளை நிலையங்கள் அமைக்கப்பட்டன. சில நன்றாக நடக்கின்றன, சில புதர் மண்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்கும் பழக்கம் ஊரில் வேர்விட்டதா என்பதைப் பொறுத்தது அது.

மண்சரிவு வரைபடத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயன்கள் புதையுண்டன. அந்த இடம் அபாயகரமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. வரைபடம் சரியாகவே இருந்தது. போகச் சொன்னார்கள், போக நிலம் தரவில்லை. 2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதையுண்ட அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன் மேலும் மண் விழுந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை மாவட்டச் சரிவுகளை மீண்டும் அசைத்தது. ஆபத்தான சரிவிலிருந்து இறக்கிக் குடியேற்ற, தோட்டத்துக்குள்ளேயே சற்றுத் தட்டையான, சாலையோர நிலம் தேவைப்படுகிறது. குடும்பத்துக்குக் காணியும் வீடும் என்ற திட்டங்களுக்கும் அதே நிலம்தான். குப்பைக்குத் தகுந்தது என்று கணினி பச்சை நிறம் தீட்டும் நிலமும் பெரும்பாலும் அதுவே. அந்தச் சில ஏக்கர்களுக்கு எதிர்கால வீடு என்ற அடுக்கு முதலில் வைக்கப்பட வேண்டும்.

அதற்கு முன் இருக்கும் லயன்களைக் குறிக்க வேண்டும். இதற்கு விண்கோள்கூட வேண்டாம். தோட்டக் காரியாலயத்தின் செக்ரோலை மட்டும் நம்பினால் போதாது. லயனில் வாழ்வோரில் பலர் இன்று தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் அல்லர், கொழும்பிலும் அவிசாவளையிலும் வேலை பார்ப்பவர்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் எந்த லயனில் எந்த அறையில் கைக்குழந்தை இருக்கிறது என்ற பதிவேடு இருக்கிறது. இந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, இடங்காட்டிக் கருவி உள்ள ஒரு கைப்பேசியுடன் தோட்டம் தோட்டமாக நடந்தால் சில வாரங்களில் அந்த அடுக்கு தயாராகிவிடும்.